செடிக்குக் கத்தரி வைத்த நாள்

கடைத்தெரு முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்க்கடையில் இரண்டு தலை முடிகிற நேரத்தில் இவருக்கு ஒரு தலை முடிந்தால் பெரிது. அவசரக்காரர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் இவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் தூங்கியும் போனார்கள்.

வீட்டு முன்சுவரோரம் மனைவி வைத்த ரோஜாச் செடிகள் இருந்தன. வருஷாவருஷம் மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும் அவள் கொம்புகளை வெட்டிக் கவாத்து செய்வாள். அன்றைக்கு மட்டும் இவர் விடியும்முன் கடைக்குக் கிளம்பிவிடுவார். வெட்டுவதைப் பார்க்க மனசு கேட்காது. போன வருஷம் அவளுக்குத் தோள்பட்டை வலி, செடிகளைத் தொடவில்லை. இந்த வருஷம் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். செடிகள் கன்னாபின்னாவென்று சன்னலைத் தாண்டி வளர்ந்தன. உச்சியில் ஒன்றிரண்டு பூ, நடுவில் காய்ந்த குச்சிகள், இலையெல்லாம் கரும்புள்ளி.

“வெட்டிட்டீங்களா?” என்று போனில் கேட்டாள்.

“பார்க்கலாம்.”

“பார்த்துக்கிட்டே இருந்தா வெயில் ஏறிடும். அப்புறம் வெட்டக் கூடாது. தினம் கத்தரி பிடிக்கிற கைக்கு நாலு கொம்பு வெட்ட வராதா?”

“முடி திரும்ப வளரும்னு எனக்குத் தெரியும். இது வளரும்னு யாரு உத்தரவாதம் தர்றது?”

அவள் சிரித்துவிட்டு, குழந்தை அழுகிறது என்று போனை வைத்தாள்.

அடுத்த கடை விடுமுறை நாள் காலையில் மச்சினன் வந்து நின்றான். செடி விற்கும் நர்சரியில் வேலை. அக்கா அனுப்பிய ஆள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“உங்க கடைக் கத்தரியை உள்ள வைங்க மாமா, இதுக்கு இதுதான்” என்று தடித்த கத்தரி ஒன்றை நீட்டினான். “முதல்ல காய்ஞ்சது, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரசுறது. மிச்சத்தைப் பாதிக்குக் குறைங்க. வெளிப்பக்கம் பார்த்த முளைக்குக் கொஞ்சம் மேல, சரிவா ஒரே வெட்டு. உள்ள காத்து போகணும், அவ்வளவுதான்.”

ஒரு செடியின் அடியிலிருந்து நெடுநெடுவென்று போன கொம்புக்கு இவர் ஆசையாக முட்டுக்கொடுத்திருந்தார். மச்சினன் மண்ணை விலக்கிப் பார்த்தான்.

“இது ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழருந்து வந்த காட்டுக் கொம்பு மாமா. உட்கார்ந்து சாப்பிடும், ஒரு பூ குடுக்காது.”

“மாப்ள, உங்க குடும்பத்தைப் பத்தி நீயே இப்படிப் பேசலாமா?”

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தபடி அதை அடியோடு பிய்த்தெடுத்தான். ஒரு செடியை வெட்டிக் காட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

மீதியை இவர் தனியாக வெட்டினார். ஒவ்வொரு கொம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, முளையைத் தடவி, பிறகே வெட்டு. தெருவில் போனவர் ஒருவர், “என்ன நிதானம், செடிக்கு மொட்டையா?” என்றார். இவர் அடுத்த கொம்புக்கு நகர்ந்தார். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளியபோது இருட்டிவிட்டது. வெறும் குச்சிகளைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதன்பின் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டே கடைக்குப் போனார். ஒரு காலை, ஒரு கணுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மறுநாள் பக்கத்துச் செடியிலும். கடையில் அன்று வழக்கத்தைவிட அதிகம் பேசினார்.

மனைவி திரும்பியபோது செடிகள் இடுப்பளவில் மொட்டும் பூவுமாக நின்றன. பக்கத்துச் செடியின் கொம்புகளுக்குள் மறைந்து கிடந்த கடைசிச் செடி மட்டும் துளிர்க்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் அதன் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சையே இல்லை, காய்ந்த பழுப்பு.

“நான் கொன்னுட்டேனா?” என்றார் மெல்ல.

“இல்லங்க. போன வருஷமே இதுல உயிர் இல்ல. எனக்குத் தெரியும். பிடுங்கத்தான் மனசு வரல.”

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்தார். அவள் தண்டைப் பிடித்துக்கொள்ள, அவர் சுற்றிலும் தோண்டினார். வேர் சுலபமாக வந்துவிட்டது. குழியை மூடிவிட்டு இருவரும் குழாயடியில் கை கழுவினார்கள். பேரன் யார் சாயல் என்று அவர் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.