மலட்டு பேண்டேஜ்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் ஓர் அறையில் ‘ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு’ என்று போர்டு மாட்டியிருந்தார் அவர். வழுக்கைத் தலை, வெளுத்துப்போன சபாரி. பால்கோவா தின்ற விரலை நக்கி நக்கி அகராதியைப் புரட்டுவார், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். எண்பதுகளின் கடைசியில், எங்கள் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனிக்கு முதல் ஜெர்மன் ஆர்டர் வந்தபோது, லேபிள் எழுத அவரிடம்தான் போய்த் தொலைந்தேன்.

சரக்குப் போனதும் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வந்தது. அவரிடமே கொண்டுபோனேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

“துணி பிரமாதமாம். இன்னும் கேக்குதான்.”

அதே லேபிளோடு இன்னும் அனுப்பினோம். அடுத்த கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. ‘ஸ்டெரைல்’ என்று நாங்கள் கொடுத்த சொல்லுக்குக் கிருமியற்றது என்று எழுதாமல், பிள்ளை பெறாதது என்று லேபிளில் அவர் எழுதிவைத்திருந்தாராம். முதல் கடிதத்திலேயே சொன்னோமே என்று ஆர்டரை ரத்து செய்திருந்தார்கள்.

ஜெர்மன் தெரியாத முட்டாள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

லேபிளைக் காட்டிக் கேட்டதும் விரலை நக்கினார். “டிக்சனரில மொத அர்த்தம் அதான சார் கெடக்கு.”

“அப்ப அந்தக் கடிதம்?”

“அம்புட்டுக் கோவமா எழுதியிருந்தான். ஒங்க மனசு கஷ்டப்படும்லா? அதான் செத்த இதமா மாத்திச் சொன்னேன்.”

ஜெர்மன் தெரிந்திருக்கிறது.