ஏழாம் வாய்க்காலாரின் மகள்

எங்கள் அத்தான் சிற்றம்பலம் காலமான கிழமை, அவர் பத்தொன்பது வருடம் எழுதிய பத்திரிகை அவரைப் பற்றி நாலு வரி போட்டது. 'வளவுக்குள்ளே' என்ற பகுதியில் தம் குடும்பத்தைப் பற்றி எழுதி எல்லோரையும் சிரிக்க வைத்த 'ஏழாம் வாய்க்காலார்' கிளிநொச்சியில் காலமானார் என்றும், மனைவியையும் ஒரே மகளையும் விட்டுச் சென்றிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. மனைவி என் அக்கா கமலாசனி. மகள் இல்லை. பிழையைத் திருத்தும்படி பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத நாலு தரம் தொடங்கினேன். ஒரு வரியில் அதைத் திருத்த என்னால் முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரிந்த மாதிரி முழுவதையும் எழுதுகிறேன்.

அத்தான் சாவகச்சேரிப் பக்கத்து மனிதர். இரணைமடுத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, ஏழாம் வாய்க்கால் கரையில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மண் வீடுமாக வந்து இருந்தார். விடியலில் வயல், பகலில் சங்கக்கடையில் வேலை. நாற்பத்தொன்பதாம் ஆண்டு, கலியாணம் முடித்த அடுத்த வருடம், முதல் கட்டுரை வந்தது. எங்கள் ஐயா மகளைப் பார்க்க வன்னிக்கு வந்த கதை அது. வன்னித் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வரும் என்று, ஐயா ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் நிரப்பி ரயிலில் பரந்தன்வரை கொண்டுவந்து இறக்கினார். வீட்டுக்கு வந்ததும் பசுமாடு அதைக் குடித்துவிட்டது. பிறகு மூன்று நாளும் ஐயா அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அத்தான் எழுதியிருந்தார். ஐயாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

எழுத்தில்தான் அத்தான் அப்படி. நேரில் அதிகம் பேசமாட்டார். மெலிந்த, முகம் இறுகிய மனிதர். ஒருநாள் முல்லைத்தீவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சங்கக்கடை வாசலில் நின்று கேட்டார்.

"இஞ்சை பகிடி எழுதுற மனுசன் ஆர்?"

"நான்தான்."

வந்தவர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "இல்லை, அவரின்ரை தமையன் ஆராவது இருக்கினமோ?"

இதையும் அத்தான் எழுதினார்.

ஐம்பதாம் ஆண்டு மாசி மாதம் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி அனுப்பினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளை பிறந்த செய்தி முதலில் பத்திரிகையில் வந்தது. அடுத்த கிழமைக்கு, பெயர் வைப்பதில் இரண்டு பக்கத்து உறவினரும் படும் பாட்டை எழுதி அத்தான் தபாலில் போட்டார். முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் பெயர் வைப்பதாக இருந்தது. அதுவரை எல்லோரும் குஞ்சு என்றுதான் கூப்பிட்டோம். இருபத்து மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. வண்டில் பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. பெயர்ச் சண்டை அச்சாகியிருந்தது. அத்தான் அதை நெல்மூட்டைக்குக் கீழே ஒளித்தார். அக்கா கண்டுபிடித்து எடுத்தாள். குசினி வாசலில் இருந்து முழுவதையும் வாசித்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழவில்லை. அப்போதும் அழவில்லை.

"இஞ்சருங்கோ," என்று அத்தானைக் கூப்பிட்டாள். "அடுத்த கிழமை இவள் என்ன செய்வாள்?"

அத்தான் நெல்மூட்டையை நேராக்கி வைத்தார்.

"சொல்லுங்கோ. என்ன செய்வாள்?"

"சிரிப்பாள்," என்றார் அத்தான். "தகப்பன்ரை முகத்தைப் பாத்துச் சிரிப்பாள்."

"அப்ப அதை எழுதுங்கோ."

அவர் எழுதினார்.

இப்படித்தான் குஞ்சு பத்திரிகையில் வளரத் தொடங்கினாள். சனிக்கிழமை தோறும் அத்தான் எழுதியதைக் குசினியில் வாசித்துக் காட்டுவார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி திருத்துவாள். "மூண்டு மாசத்திலை பிள்ளை தவழாது. அதை வெட்டுங்கோ." பக்கத்து வளவு நாகேஸ்வரிக்கும் அதே மாசியில்தான் மகன் பிறந்தவன். அக்கா வேலிக் கரையில் நின்று அவனைப் பார்ப்பாள். அவனுக்குப் பல் முளைத்த கிழமை குஞ்சுவுக்கும் பல் முளைத்தது. அவன் நடந்தபோது குஞ்சுவும் நடந்தாள். யாரோ பத்திரிகையை வாசித்ததை நாகேஸ்வரி கேட்டுவிட்டாள். அடுத்த நாள் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த வேலிக்கு இரட்டை வரிசை கிடுகு கட்டினார்கள்.

வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கும்போது அவள் உரத்துச் சொன்னாள்: "பேப்பரிலை பிள்ளை வளக்கிற ஆக்கள் என்ரை பிள்ளையை ஏன் பாக்க வேணும்? கண்ணூறு படாதோ?"

அக்கா கையிலிருந்த சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "உன்ரை பிள்ளை சளியிலை கிடக்கிறான், தூதுவளை குடு."

பிறகு அக்காவுக்குக் கரு தங்கவில்லை. இரண்டு தரம் கலைந்தது. அந்த வருடங்களில்தான் குஞ்சு மிகவும் குறும்பு செய்தாள். நான் சமையலிலும் மாட்டுப்பட்டியிலும் செய்த பிழைகளில் பாதியை அவள் செய்ததாக அத்தான் எழுதினார். என்னைப் பற்றி எழுதவேண்டாம் என்று கேட்டிருந்தேன். அவர் எழுதவில்லை. 'வளவுக்குள்ளே' வீட்டில் மனைவியின் தங்கச்சி என்று ஒருத்தி இருந்ததே இல்லை.

முள்ளிவாய்க்காலிலிருந்து ஜோசப்பின் என்று ஒரு பெண், மீன்பிடிக்கிற ஒருவரின் மனைவி, குஞ்சு பள்ளிக்கூடம் போகிறாள் என்று வாசித்துவிட்டுத் தன் கையால் தைத்த நீலச் சட்டை ஒன்றைத் தபால் பாசலில் அனுப்பினாள். அக்கா அதைத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டாள். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உண்மை தெரிந்த குடியேற்றத்து ஆட்கள் யாரும் வெளியில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தான் அன்று சாப்பிடவில்லை. "நிப்பாட்டுவமோ?" என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேனையை எடுத்துக்கொண்டு போனார்.

அறுபத்தெட்டில் அந்தக் கடிதம் வந்தது. வவுனியாவிலிருந்து மயில்வாகனம் என்ற இளைப்பாறிய ஆசிரியர் எழுதியிருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய தாளில் அவருடைய மகனின் சாதகக் குறிப்பு கூட இருந்தது. 'தங்கள் மகளைப் பிறந்த கிழமையிலிருந்து நாங்கள் அறிவோம். அவளுக்கு இப்போது பதினெட்டு நிறைந்திருக்கும். சிரிக்கத் தெரிந்த வீட்டில் பெண் எடுக்க ஆசைப்படுகிறோம். பிள்ளைக்கு வைத்த பெயரையும் குறிப்பையும் அனுப்பி வைக்கவும்.'

எனக்கு அப்போது முப்பது வயது. எனக்கென்று ஒரு மாப்பிள்ளைக் குறிப்பு வந்தது கிடையாது. இதை இந்த இடத்தில் சொல்லிவிட்டு விடுகிறேன்.

அக்கா குறிப்பைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். முகம் கழுவிச் சேலை மாற்றினாள். "விமலா, வா, சாத்திரியாரிட்டைப் போவம்" என்றாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

கிளிநொச்சிச் சந்திக்குப் பக்கத்தில் இருந்த அப்புத்துரைச் சாத்திரியார் எங்களை அறியாதவர். அக்கா குஞ்சு பிறந்த நாளையும் நேரத்தையும் யோசிக்காமல் சொன்னாள். மாசி மாதம், பகல் பதினொன்றே கால். அவர் கட்டம் கீறி, விரல் மடித்து, இரண்டு குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம். தாராளமாச் செய்யலாம்."

"பிள்ளைக்கு ஆயுள் எப்பிடி, ஐயா?"

"ஆயுளோ?" அவர் இன்னொரு தரம் பார்த்தார். "தீர்க்கம், பிள்ளை. பேரப்பிள்ளை கண்டு இருப்பா. ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ."

அக்கா வெற்றிலையில் வைத்துத் தட்சணை கொடுத்தாள். வெளியே வந்ததும் அவளுக்குச் செருப்பு எது என்று தெரியவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் அவள் அத்தானிடம் அதிகம் கேட்கவில்லை. பொருத்தம் என்று ஒரு கடிதம் எழுதுங்கள், பிறகு ஏதாவது காரணம் சொல்லலாம், ஒரு கடிதம் மட்டும் என்றாள்.

"ஒரு நல்ல மனுசன், கமலா. பொம்பிளை பாக்க நாளைக்கு வந்து நிப்பார். நான் போய் உண்மையைச் சொல்லப்போறன்."

"சொன்னால் அவள் செத்துப்போவாள்."

"அவள் செத்துப் பதினெட்டு வருசம்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அக்கா எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். போட்ட வைக்கோலை அள்ளி எடுத்து மறுபடியும் போட்டாள்.

தனியப் போகப் பயமாயிருக்கிறது என்று அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினார். மயில்வாகனம் மாஸ்டர் வாசல் படலைவரை ஓடிவந்து கையைப் பிடித்தார். அவர் மனைவி இலட்சுமியம்மா பயத்தம் பணியாரமும் தேத்தண்ணியும் கொண்டுவந்தா. மேசையில் 'வளவுக்குள்ளே' கட்டுரைகளை வெட்டி ஒட்டிய கொப்பிகள் அடுக்கியிருந்தன.

"மாஸ்டர், குறிப்பைத் திருப்பித் தர வந்தனான்," என்றார் அத்தான்.

"ஏன்? பொருத்தம் இல்லையோ?"

"பொருத்தம் எட்டு. எங்களுக்குப் பிள்ளைதான் இல்லை."

மாஸ்டர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "இஞ்சாரும் இலட்சுமி, கேட்டீரோ? ஏழாம் வாய்க்காலார் வந்த உடனையே தொடங்கீட்டார்!" இலட்சுமியம்மாவும் சிரித்தபடி என் பக்கம் திரும்பினா. என் முகத்தைக் கண்டதும் அவவுடைய சிரிப்பு நின்றது. மாஸ்டர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டரின் முகம் கறுத்தது.

"பதினெட்டு வருசம் எங்களைச் சிரிக்க வைச்சனீர்."

"ஓம்."

"செத்த பிள்ளையை வைச்சு."

"ஓம்."

இலட்சுமியம்மா பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. திரும்பி வந்து கேட்டா: "தாய் ஆரோடை இருக்கிறா இப்ப?"

"தனியத்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் எங்கள் படலையில் நின்றார்கள். இலட்சுமியம்மா வெள்ளைச் சேலை உடுத்திருந்தா. துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். முப்பத்தொன்று கழியாத பிள்ளை போனால் எங்கள் பக்கம் எட்டாம் நாளும் இல்லை, அந்தியேட்டிச் சடங்கும் இல்லை. செத்தவீடு என்று ஒருவரும் வருவதில்லை. ஐம்பதாம் ஆண்டும் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. இலட்சுமியம்மா குசினிக்குள் வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ரை மருமோளே, உன்னைக் காண முந்திப் போனியோ" என்று ஒப்பாரி வைத்தா. அக்கா முதலில் கட்டை மாதிரி இருந்தாள். பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு நாகேஸ்வரி ஓடிவந்து அவள் காலடியில் இருந்தாள்.

ஆண்கள் இருவரும் வெளியே மரவாங்கில் இருந்தார்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமை அத்தான் எழுதவில்லை. பிறகும் எழுதவில்லை. பத்திரிகையிலிருந்து மூன்று கடிதம் வந்தது. சுகமில்லை என்று ஒரு தபாலட்டை போட்டார். வாசகர்களுக்கு அவர் ஒன்றும் சொல்லாததால்தான் பத்திரிகையின் கணக்கில் அந்த மகள் இன்னும் இருக்கிறாள்.

ஒரு மாதத்தின் பின் ஒரு விடியற்காலை அக்கா கேட்டாள்: "அவளை எங்கை தாட்டனீங்கள்?"

அன்று பிள்ளையைத் துணியில் சுற்றி, மண்வெட்டியோடு தனியே கொண்டுபோனவர் அத்தான். "வாய்க்கால் முடியிற இடத்திலை, பாலைமரத்துக்குக் கீழை," என்றார்.

"காட்டுங்கோ."

மூவரும் போனோம். பிள்ளையைப் புதைத்த காலத்தில் அந்தப் பக்கம் காடு. இப்போது புதிதாகக் காணி பிரித்து, வெட்டி, உழுது, கண் எட்டும் தூரம் வயல். பாலைமரம் இல்லை. அது நின்ற அடையாளமும் இல்லை. அத்தான் ஒரு வரம்பால் போனார், திரும்பி வந்தார், வேறு வரம்பால் போனார். வெளிறிப்போய் நின்றார். அக்கா பின்னால் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

முன்னே இரண்டு தரம் நிற்காமல் கடந்து போன ஒரு மூலையில் அவர் நின்றார்.

"இஞ்சைதான், கமலா. இந்த மூலை. தலை கிழக்கை பாத்து வைச்சனான். பக்கத்திலை ஒரு எறும்புப் புத்து இருந்தது, அதைத் தள்ளி வெட்டினனான்."

சனிக்கிழமைகளில் குசினியில் வாசிக்கும் குரலில் அவர் அதைச் சொன்னார். அக்கா சேற்றில் முழங்கால் குத்தி இருந்து, நாற்றை விலக்கி, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.