ஓரத்தில் வந்த கை

"படத்துல யானை எறும்பாட்டம் இருக்கு. கிட்டப் போய் எடு."

போன வாரம் தேவாரத்து நண்பனுக்கு நான் சொன்ன கருத்து இது. அவனுக்கு மலையடிவாரத்தில் சோளக்காடு. புதுப் போன் வாங்கியதிலிருந்து படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறான். நான் கல்யாண வீடுகளில் படமெடுப்பவன். கிட்டப் போவது என்றால் எனக்கு லென்ஸைத் திருப்புவது. அவனுக்கு அது நடந்து போவது என்று எனக்கு உறைக்கவில்லை.

இன்று போடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் போனை நீட்டினான். படம் முழுக்க யானை. கண் இமை மயிர்கூடத் தெரிகிறது.

"எப்புடிடா எடுத்த?"

"விடியக்காலம் சோளக்காட்டுக்குள்ள வந்துச்சு மாப்ளே. வெடி போட்டா திரும்பிப் போயிரும்ல? அதான் நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் போடாதன்னு உன் தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

தங்கச்சி என்று அவன் சொன்னது அவன் பெண்டாட்டியை.

"ஓரத்துல அவ கை வந்திருச்சு பாரு, இடைஞ்சலா. வெட்டிரவா?"

பார்த்தேன். பற்றவைக்காத வெடியைப் பிடித்திருக்கும் கை. மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, அது மட்டும் நடுங்கிக் கலங்கலாக விழுந்திருக்கிறது.

"கைய விட்டுட்டு யானைய வெட்டு" என்றேன்.

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். "அடுத்து, அது என்னைய நேராப் பாக்குற மாதிரி எடுக்கணும் மாப்ளே."

இந்தப் படமே போதும் என்று இவனை நம்பவைக்க யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். வெரசா எழுதுங்கள். யானை இன்னும் மலையேறவில்லையாம்.