கடைசி மோட்டார்

போர்ட்டிக்சன் கடற்கரைப் பயணத்தைப் பற்றி எங்கள் மோட்டார் சைக்கிள் குழு வெளியிட்ட காணொளியில் பஞ்சாலை அக்கா பதினோரு வினாடி வருகிறார். நான் நேரம் பார்த்து எண்ணினேன். கீழே 'எங்கள் வீர மகளிர்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பயணத்தில் ஒருவர் உயிரோடு திரும்பியதற்கு அவர்தான் காரணம் என்று எங்கும் எழுதவில்லை. நடந்த தவறுக்கு அவர்தான் காரணம் என்று மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். எனக்கு எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடிந்துவிட்டது. மேற்படிப்புக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. எழுத நேரம் இருக்கிறது.

பஞ்சாலை அக்கா லிங்கி பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது அவருடைய குடும்பம் எஸ்டேட் கொடுத்த லயத்துவீட்டைக் காலி செய்து பாரோய்க்கு வந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. இப்போது நாற்பத்தாறு. செண்டாயான் தொழிற்பேட்டையில் பெட்டி கட்டும் வேலை. கணவர் இல்லை. மகள் மோகனா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வேலைக்குப் போகவும் மகளைக் கொண்டுபோய் விடவும் வாங்கிய பழைய நூற்றுப்பத்து சிசி மோட்டாரில்தான் ஏழு வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் சேர்ந்தார்.

வண்டி மெதுவாகப் போகும் என்பதால் அவரைக் கடைசியில் வரச் சொன்னார்கள். யாருக்கும் பிடிக்காத இடம் அது. முன்னால் போகிறவர்களின் புகையைக் குடித்துக்கொண்டு போகவேண்டும். படத்திலும் விழ முடியாது. அக்கா அங்கே போய் நின்றார். மூன்றாவது பயணத்திலேயே அவருடைய முன்கூடையில் காற்றடிக்கும் பம்பு, டியூப் ஒட்டும் பசை, கயிறு, ஸ்பார்க் பிளக், பிஸ்கட், ஒரு போத்தல் இனிப்புச் சிரப் எல்லாம் சேர்ந்துவிட்டன. யாருடைய மோட்டார் நின்றாலும் அவரும் நிற்பார். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் தன்னுடையதைக் கிளப்புவார். அப்புறம் குழு அவருக்குச் சட்டைக்கு மேல் போடும் ஆரஞ்சு நிற வெஸ்ட் ஒன்றைக் கொடுத்தது.

அந்த வெஸ்ட் எதற்கு என்று சொல்லவேண்டும். இருபது மோட்டார் போகும்போது எல்லோரும் ஒன்றாகவே போக முடியாது. அதனால் சாலை பிரிகிற ஒவ்வொரு சிம்பாங்கிலும் முன்னால் போகிறவர்களில் ஒருவர் இறங்கி நின்று, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக் காட்டுவார். ஆரஞ்சு வெஸ்ட் கடந்து போகும்வரை அவர் நகரக்கூடாது. வெஸ்ட் போய்விட்டால் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். இன்னொரு விதியும் உண்டு. சிம்பாங்கில் ஆள் நிற்காவிட்டால் நேராகப் போகவேண்டும். இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. ஏழு வருடங்களில் ஒருவர்கூடத் தொலைந்ததில்லை.

ஒருமுறை நான் அக்காவிடம், "எப்படிக்கா யாரையும் விட்டுட்டுப் போனதில்ல?" என்று கேட்டேன்.

"நம்மாளுங்க 'நீங்க போங்க'ன்னு சொன்னா, உடனே இஞ்சின அடைச்சிடணும்" என்றார். "சும்மா நிக்கிறவன் அப்படிச் சொல்லமாட்டான். சிகரெட்டு இருக்கான்னு கேப்பான். கஷ்டத்துல இருக்கறவன்தான் 'நீங்க போங்க'ம்பான். எங்கப்பா காலுல கத்தி பட்டு ரத்தம் ஊத்துறப்பவும் வேலை வாங்குற மண்டோர் கிட்ட அதத்தான் சொன்னாரு."

குழுவின் பத்தாம் ஆண்டு நிறைவுக்குக் கடற்கரைப் பயணம் முடிவானது. பாரோயிலிருந்து போர்ட்டிக்சன், அங்கிருந்து கடலோரமாகவே சி ரூசா, தெலுக் கெமாங், பாசிர் பாஞ்சாங் தாண்டி கோலா லிங்கி. அங்கே சுட்ட மீனோடு மதியச் சாப்பாடு. மொத்தம் இருபத்திரண்டு மோட்டார்கள்.

குழுத்தலைவர் தர்மராஜ் அண்ணன் டயர் கடை வைத்திருப்பவர். அவர் புதிதாகச் சேர்த்துவிட்டவர் சத்தியசீலன். வீடு வாங்கி விற்கிற முகவர், பெரிய மோட்டார் வைத்திருப்பவர். எல்லோருக்கும் டி-சட்டை அடித்துக் கொடுத்தார். வானத்தில் பறந்து படமெடுக்கும் கருவியோடு ஓர் ஆளையும் கூட்டிவந்தார். அன்று காலை பாரோயில் எல்லோரும் கூடி நின்றபோது தர்மராஜ் அண்ணன் அக்காவிடம் வந்தார்.

"அக்கா, இன்னிக்கு நீங்க முன்னுக்கு வாங்க. நாலாவது மோட்டார். வெஸ்ட்ட சத்தியா கிட்ட குடுத்துடுங்க."

"ஏன் தம்பி?"

"மேலருந்து எடுக்கறாங்கல்ல. கடைசியா ஒரு பெரிய மோட்டார் வந்தாத்தான் முடிவு நல்லாருக்கும். நீங்க முன்னுக்கு இருந்தா நம்ம குழுவுல மகளிர் இருக்காங்கன்னும் தெரியும்."

"ஏழு வருசமா பின்னுக்கு இருந்தப்ப தெரியலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மராஜ் அண்ணனும் சிரித்தார். "ஒரு நாள்தானே லா. ஓய்வா வாங்க."

அக்கா வெஸ்டைக் கழற்றினார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. சத்தியசீலனைப் பார்த்து, "சார், யாரையும் முந்தக்கூடாது. யாரு நின்னாலும் நீங்களும் நிக்கணும். கைய காட்டி அனுப்புனாலும் போகக்கூடாது" என்றார்.

"ஓகே மேடம். பதினஞ்சு வருசமா ஓட்டறேன்" என்று அவர் கண்ணாடியில் முகம் பார்த்து வெஸ்டைப் போட்டுக்கொண்டார்.

அந்த வெஸ்டைக் கொடுத்திருக்கக்கூடாது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். கேட்டு வாங்கியவர்களுக்கு இல்லாத வருத்தம் அவருக்கு மட்டும் எதற்கு?

எங்களோடு வந்தவர்களில் வயதில் மூத்தவர் அர்ச்சுனன் மாமா. எஸ்டேட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி முத்தாயி அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பழைய மோட்டாரில் வந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாகவேண்டும். இது அக்காவுக்குத் தெரியும். வெஸ்ட் போட்டிருந்தவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

போர்ட்டிக்சன் தாண்டியதும் வலப்பக்கம் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. காற்று சட்டையை ஊதிப் பெருக்கியது. அன்று அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பாசிர் பாஞ்சாங் தாண்டிய ஒரு சிம்பாங்கில் நான் இறங்கி நின்றேன். நேராகப் போனால் செம்பனைத் தோட்டங்கள் வழியாக லிங்கி. வலப்பக்கம் திரும்பினால் கோலா லிங்கி. வலது கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு மோட்டாரையும் திருப்பிவிட்டேன். கடைசியாக ஆரஞ்சு வெஸ்ட் வந்தது. சத்தியசீலன் கட்டைவிரலைக் காட்டினார். நான் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

சாப்பாட்டுக் கடையில் கேக் வெட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் மோட்டார்களின் நடுவே நடந்து, ஒவ்வொரு இருக்கையையும் தொட்டு எண்ணினார்.

"இருபத்தொன்னுதான் இருக்கு. அர்ச்சுனன் மாமா எங்க?"

"சி ரூசாவுல ஓரங்கட்டி நின்னாங்க" என்றார் சத்தியசீலன். "நான் மெதுவாக்கினேன். அவருதான் 'நீங்க போங்க சார்'னு கை காட்டினாரு. கடல் பார்க்க நின்னாங்க போல."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்படிச் சொன்னாரா?"

"ஆமா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு."

தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். லைன் கிடைக்கவில்லை. "வந்துருவாங்க லா அக்கா. பெரியவரு, வழி தெரியாதவரா? ஒரு படம் எடுத்துட்டுப் பாப்போம்" என்றார் தர்மராஜ் அண்ணன். அக்கா தலைக்கவசத்தை மாட்டினார். நானும் பின்னால் கிளம்பினேன். வேறு யாரும் வரவில்லை. எத்தனை பேர் என்று திரும்பிப் பார்த்தேன். பத்தொன்பது மோட்டார்களும் அப்படியே நின்றன.

சிம்பாங்கில் அக்கா நிறுத்தினார்.

"இங்க யாருடா நின்னது?"

"நாந்தாங்கா."

"யாரப் பாத்துக் கிளம்புன?"

"வெஸ்ட்டப் பாத்து."

"ம்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இல்லைன்னா அவரு நேராத்தான் போயிருப்பாரு. விதிய மீற மாட்டாரு" என்று தோட்டத்துச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

நான்கு கிலோமீட்டர் தாண்டியதும் பார்த்தோம். மோட்டார் வடிகாலில் சாய்ந்து கிடந்தது. முத்தாயி அத்தை புல்லில் உட்கார்ந்து மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தார். அத்தையின் கெண்டைக்கால் சைலன்சரில் பட்டு வெந்திருந்தது. மாமாவின் சட்டை முழுக்க வேர்வை. கண் திறந்திருந்தாலும் எங்களை அடையாளம் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடாமல் சர்க்கரை இறங்கிவிட்டது.

அக்கா ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்து, கூடையில் இருந்த சிரப்பைப் போத்தல் மூடியில் ஊற்றி, "முழுங்குங்க மாமா, முழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். "சி ரூசாவுல சங்கிலி கழண்டுடுச்சும்மா" என்று அத்தை அழுதார். "ஒத்த ஆளா மாட்டுறதுக்கு அரை மணி நேரமாச்சு. அந்தப் பெரிய மோட்டாருகாரர நிறுத்துங்கன்னேன். ஏன் அவருக்குச் சிரமம்னுட்டாரு இந்த மனுசன்."

பாதி போத்தல் காலியானபின் மாமாவுக்கு நினைவு வந்தது. தோள் எலும்பு உடைந்திருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒன்னுமில்லம்மா. சாப்பாடு ஆறிடும். நீங்க போங்க."

அக்கா எழுந்துபோய், அவசரத்தில் அடைக்காமல் விட்டிருந்த இஞ்சினை அடைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அசையவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் கழிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் தர்மராஜ் அண்ணனின் செய்தி வந்தது. "கடைசி மோட்டார் பொறுப்பில் இருந்த பஞ்சாலை அக்கா இடம் மாறியதால் குழப்பம் ஏற்பட்டுவிட்டது. வருந்துகிறோம்." இடம் மாறினாராம். யார் மாற்றியது? நான் கேட்டு எழுதினேன். நான் எழுதியதை நீக்கினார்கள். மறுபடி எழுதினேன். என்னையே நீக்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பாரோயில் அப்துல் ஜலீல் பாயின் கடையில் கூட்டம் போட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அர்ச்சுனன் மாமா கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் தர்மராஜ் அண்ணன். "சத்தியாவைப் போகச் சொன்னது நீங்கதானே?"

மாமா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசியிருக்கலாம். ஆனால் எழுந்து நின்றார். "ஆமாங்க தம்பி. தப்பு என்னோடதுதான். சாரு மேல ஒன்னும் இல்ல. எல்லாரும் மன்னிக்கணும்."

எலும்பு உடைந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். விட்டுவிட்டுப் போனவர் தேநீர் குடிக்கிறார்.

"சரி, மாமாவே சொல்லிட்டாரு" என்றார் தர்மராஜ் அண்ணன். "அக்கா, நீங்களும் ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லிட்டா முடிச்சிடலாம்."

அக்கா கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். "சொல்ல மாட்டேன் தம்பி. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. தோட்டத்துத் தொர, கிராணி, மண்டோரு எல்லாரையும் 'நீங்க போங்க'ன்னு சொல்லிச் சொல்லியே வளந்தவங்க நாங்க. அதைக் கேட்டுட்டுப் போறதுக்கு எதுக்கு ஒரு ஆளு, எதுக்கு ஒரு வெஸ்ட்டு? வெஸ்ட்டக் குடுங்க."

சத்தியசீலன் கடை வாசலைப் பார்த்தார். வெஸ்ட் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இனிமேல் கடைசி மோட்டார் இருநூற்றைம்பது சிசிக்குக் குறையக்கூடாது, வாக்கி-டாக்கி இருக்கவேண்டும் என்று கையைத் தூக்கித் தீர்மானம் போட்டார்கள். அர்ச்சுனன் மாமாவும் நல்ல கையைத் தூக்கினார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

போன ஞாயிறு மறுபடி சி ரூசாவுக்குப் போனார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவர் வந்தார். எல்லா மோட்டாரும் கிளம்பும்வரை ஓரமாக நின்றார். ஆரஞ்சு வெஸ்ட் போட்ட புது ஆளும் கிளம்பிப் போனபிறகு தன் வண்டியைக் கிளப்பினார். வெஸ்ட் இல்லை. கூடை மட்டும் நிறைந்திருந்தது.

நானும் யாரும் கூப்பிடாமல் போயிருந்தேன். லுக்குட் சிம்பாங்கில் ஆள் குறைந்ததால் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஆரஞ்சு வெஸ்ட் என்னைக் கடந்தபோது, "முடிஞ்சது, வா" என்று கத்திவிட்டுப் போனது. நான் கையை இறக்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. தொலைபேசி இரண்டு முறை அடித்தது. லாரிக்காரர் ஒருவர் நான் யாருக்குக் கை காட்டுகிறேன் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எட்டு நிமிடம் கழித்துப் பழைய மோட்டார் வந்தது. அதற்கு முன்னால், பஞ்சரான சக்கரத்தைச் சற்றுமுன் ஒட்டி முடித்த ஒரு பையனின் மோட்டார். வெஸ்ட் போட்ட ஆள் அவனையும் தாண்டித்தான் போயிருக்கிறார்.

அக்கா வேகத்தைக் குறைத்தார்.

"கை வலிக்குதாடா?"

"இல்லக்கா. நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா இஞ்சினை அடைத்துவிட்டு, கூடையிலிருந்து சிரப் போத்தலை எடுத்து நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, தான் பின்னால் வந்தார்.