எந்தக் கிளைக்கு உயிர்?

பௌர்ணமிக்கு முன் கிரிவலப் பாதையில் காய்ந்த கிளைகளை வெட்டுவார்கள். மரங்களைப் பார்த்துப் பட்டியல் எடுப்பது என் வேலை. அடி அண்ணாமலையில் ஒரு வேம்பின் அடிமரப் பட்டையைச் சுரண்டினேன். பச்சை தெரிந்தது. 'உயிர் உண்டு, ஏறலாம்' என்று எழுதினேன்.

கிளை வெட்ட ஏறியவர் ஒல்லியானவர், முன்பல் ஒன்று இல்லாதவர். ஒவ்வொரு கிளையையும் அரிவாளின் முதுகால் தட்டி, சத்தத்தைக் கேட்ட பிறகே கால் வைப்பார். நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஏறலாம்னு போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்குண்ணா தட்டிக்கினே இருக்கீங்க?"

"படிச்சவங்க சொல்றீங்க, சரி மேடம்" என்று அடுத்த கிளையில் தட்டாமல் கால் வைத்தார்.

கிளை முறிந்து என் காலருகே விழுந்தது. அவர் மேல்கிளையைப் பிடித்து ஒற்றைக் கையில் தொங்கினார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வறட்சியில் தண்ணீர் ஏறும் குழல்களில் காற்று புகுந்துவிடும். மரம் சில கிளைகளைக் காயவிட்டு அடிமரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். பரீட்சையில் நானே எழுதியது.

அவர் கால்களால் துழாவி மரத்தைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உயிர் இருக்குதுன்னு போட்டீங்க. எந்தக் கிளைக்குன்னு போடலையே மேடம்?"

சிரித்தார். மிச்சத்தையும் தட்டித் தட்டி வெட்டி முடித்தே இறங்கினார். இப்போதெல்லாம் 'உயிர் உண்டு' என்று எழுதும்போது எந்தக் கிளைக்கு என்றும் சேர்த்து எழுதுகிறேன். அவர் பயந்தாரா என்று அன்று நான் கேட்கவே இல்லை.