எதிர் ஜன்னலின் பதில்

எங்கள் தெருவைத் தெரு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். துப்ரோவ்னிக் நகரின் பழைய கோட்டைக்குள் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். எங்களுடையது மூச்சு வாங்க வைக்கும் படிக்கட்டு. அதில் என் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல் டேஷாவுடையது. இரண்டு சுவருக்கும் நடுவே ஒரே கொடிக்கயிறு, இரு முனையிலும் கப்பி. அவள் இழுத்தால் என் துணி நகரும், நான் இழுத்தால் அவளுடையது. துணி மட்டுமில்லை. போர் வந்து கோட்டைக்குள் குண்டு விழுந்த அந்தக் குளிர்காலத்தில் ரொட்டியும் மெழுகுவத்தியும் அந்தக் கயிற்றில்தான் போய் வந்தன.

காலையில் தேவாலய மணி அடித்ததும் ஜன்னலின் பச்சை மரக்கதவுகளைத் திறந்துவிட வேண்டும் என்பது கோட்டைக்குள் எழுதாத சட்டம். காபி குடிக்கும் நேரம் தாண்டியும் ஒரு ஜன்னல் மூடியிருந்தால் பக்கத்து வீட்டார் போய் வாசலைத் தட்டுவார்கள். நாங்கள் இருவரும் அதற்கும் ஒரு படி மேலே. ஜன்னலைத் திறந்த கையோடு டேஷா கேட்பாள்:

"உயிரோட இருக்கியாடி?"

"இருக்கேன். நீ?"

"போறதா இருந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

எதிரெதிரே குடியிருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் இதை மட்டும் பேசிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வோம்.

ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தே வயதானவள் அவள். கணவர் லூக்ஷா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்று வந்தவர், வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையது என்று பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். தனிமை டேஷாவுக்குப் புதுசா என்ன என்று ஊரே சொன்னது. எனக்குக் கோபம்தான் வந்தது. வரப்போகிற ஒருவருக்காகத் தனியாக இருப்பதும், இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்து தனியாக இருப்பதும் ஒன்றா?

பிறகு தெரு காலியானது. கப்பல் கப்பலாக வந்திறங்கும் பயணிகளுக்கு வாடகைக்கு விட வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. கதவுக்குக் கதவு, எண்களை அமுக்கினால் திறக்கும் சாவிப்பெட்டி. என் மகன்களும் வீட்டை விற்று, ஊருக்கு வெளியே மோகோஷிட்சாவில், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் என்னைக் குடிவைத்தார்கள். நான் எதிர்த்துப் பேசினேன்; என் முழங்கால் அவர்கள் பக்கம் பேசியது. வீட்டை வாங்கியவர் முதல் வேலையாகக் கப்பியைக் கழற்றி எறிந்தார். விருந்தாளிகளின் பார்வையை மறைக்கிறதாம்.

அதன்பின் என் ஜன்னலில் வாரத்துக்கு ஒரு முகம். டேஷா ஆரம்பத்தில் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அவளைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவளைத் தினமும் தேடி வந்தது ஒரே ஆள், ஊர் சுற்றிக்காட்டும் ஓர்சாட். மடாலயம், நீரூற்று, மதில், அப்புறம் டேஷா. அதுதான் அவன் வரிசை. மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தோடு படியேறி வந்து, மேலே பாருங்கள், இந்தத் தெருவில் இன்னும் குடியிருக்கும் ஒரே ஆள் என்று ஆங்கிலத்தில் காட்டுவான். ஹோட்டலில் வேலை பார்த்தவளுக்கு அது புரியாதா? குடை தெரிந்ததுமே கால்மிதியை எடுத்துக் கூட்டத்தின் தலைமேல் உதறுவாள். கூட்டம் அதையும் படம் எடுக்கும்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. யார் வந்து தட்டுகிறார்கள், பார்த்துவிடுவோம் என்று இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வியாழக்கிழமைதான் சந்தைக்கு வருவேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் தவிர்த்துவிட்டு ஊரைச் சோதித்தாள். அன்று முழுக்கச் சக்கரப்பெட்டிகள் படியில் கடகடத்துப் போயின. ஓர்சாட்டின் கூட்டமும் வந்து, கொஞ்சம் நின்று, போனது. ஒருவரும் தட்டவில்லை. சாயங்காலம் அழுததாகச் சொன்னாள். லூக்ஷாவைப் புதைத்த அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை, மூடிய கதவுக்குக் கீழே ஓர்சாட்டின் குரல். அந்த ஜன்னலில்தான் இந்தத் தெருவின் கடைசிக் குடிமகள் இருந்தார், பாவம், சமீபத்தில்தான் காலமானார் என்றான். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மரக்கதவு இரண்டும் சுவரில் போய் மோதின.

"என் நோட்டீசை எங்கடா பார்த்தே?"

எங்கள் ஊரில் யார் இறந்தாலும் படம் போட்ட அறிவிப்பைக் கோட்டை வாசல் பலகையில் ஒட்டுவார்கள். அதை ஒட்டாதவரை யாரும் செத்ததாகக் கணக்கில்லை.

"பலகையில படம் வரல, பாதிரியார் வரல, நீயா என்னைப் புதைச்சிட்டியா?"

ஓர்சாட் வெளிறிப்போய், "ஜன்னல் மூடியிருந்துச்சு அத்தை..." என்று இழுத்தான்.

"மூடியிருந்தா தட்டணும். உங்கம்மா இதே கோட்டைக்குள்ள பொறந்தவதானே? சொல்லித் தரலியா?"

ஏதோ நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவள் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில், கூட்டத்தைப் படியிலேயே நிறுத்திவிட்டு அவன் மேலேறி வந்து வாசற்கதவைத் தட்டினான். சொல்லிக்கொடுத்து வாங்கிய தட்டல்தான். ஆனாலும் எழுந்து போய்த் திறந்தாள்.

மறுநாளிலிருந்து அவன் கீழே நின்று எங்கள் மொழியில் கேட்பான்: "உயிரோட இருக்கீங்களா அத்தை?" அவள் இருக்கிறேன் என்பாள். கால்மிதி உதறுவது நின்றது. அந்த நேரத்துக்குக் கம்மல்கூடப் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வருகிறானா என்று நான் கிண்டல் செய்தேன்.

அக்டோபர் கடைசியில் அவன், சீசன் முடிந்தது, ஈஸ்டருக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டான்.

"அதுவரைக்கும் நான் சாகக் கூடாது, அதானே?" என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

தினமும் காலையில் போன் செய்கிறேன் என்றேன். டேஷா கேட்கவில்லை. "போன்ல என்னடி தெரியும்? படுத்துக்கிட்டே பொய் சொல்லலாம். ஜன்னலைத் திறந்து முகத்தைக் காட்டணும்" என்றாள்.

பிப்ரவரியில் எங்கள் ஊர்க் காவலரான புனித விளாகோவின் திருநாள். கூட்டம் சேர்வதற்குள் அவளைப் பார்த்துவிடலாம் என்று முதல் பஸ்ஸில் வந்தேன். தெருவில் ஒரு ஜீவனில்லை. சாவிப்பெட்டிகள் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது காலை மணி அடித்தது. மேலே பச்சைக் கதவு திறந்தது.

"உயிரோட இருக்கியாடி?"

என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே, குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த என் பழைய ஜன்னலை. கொஞ்சம் பொறுத்தாள். 'இருக்கேன், நீ?' என்று நான் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். பிறகு, "போறதா இருந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவின் கொக்கியை மாட்டத் திரும்பினாள்.

 குரலைக் கூட்டிக் கீழேயிருந்து கத்தினேன்:

"இருக்கேன் டேஷா!"

அவள் கை அப்படியே நின்றது. சட்டென்று நிமிர்ந்து, என் பழைய ஜன்னலைத்தான் முதலில் பார்த்தாள்.