துபாஷி பெலார்மினோ கட்டம் மாற்றிய கதை

போர்த்துகல் ஆட்சியில் இருந்த மக்காவ் நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் துபாஷியாக இருந்தவர் பெலார்மினோ கொலாசோ. லிஸ்பனிலிருந்து வரும் நீதிபதிகளுக்குச் சீனம் தெரியாது. கூண்டில் நிற்பவர்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. நடுவில் இவர். குற்றவாளி கால் மணி நேரம் அழுதால், "வருந்துகிறான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நீதி வேகமாக நடந்தது.

ஊரைச் சீனாவிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. அதற்குள் சட்டமெல்லாம் சீனத்திலும் இருந்தாக வேண்டும் என்று மாடி மாடியாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். அரசு ஊழியர்களுக்கு ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டம்: இங்கேயே இருக்கிறேன், போர்த்துகலுக்கு அனுப்புங்கள். பெலார்மினோ முதல் கட்டத்தில் பென்சிலால் குறி போட்டார். போர்த்துகலை அவர் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார். ஐந்து தலைமுறையாக அவர் குடும்பம் புதைந்திருப்பது இங்கே.

ஒரே ஒரு சங்கடம். அவருக்குச் சீனம் பேசத்தான் வரும். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. போர்த்துகீசியக் கலப்பு வம்சமான அவருடைய ஆட்களில் பலரும் அப்படித்தான். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

அந்த வாரம் கூண்டில் மீன்காரி லாம் சாவ்-யிங். சந்தை ஆய்வாளரைக் கொடுவா மீனால் அடித்ததாக வழக்கு. சீனத்தில் அச்சான புதுச் சட்டப் புத்தகத்தை நீட்டினாள்.

"அண்ணே, பக்கத்துக் கடைக்காரன் கோடு போட்டுக் குடுத்திருக்கான். ஐயாவுக்குப் படிச்சுச் சொல்லுங்க."

"நீயே படி."

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏண்ணே செதில் சுரண்டுறேன்?"

நீதிபதி காத்திருந்தார். பெலார்மினோ புத்தகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி கொண்டு வரல."

"மூக்கு மேல இருக்கே, அது என்னண்ணே?"

பின்வரிசை சிரித்தது. கடைசியில் வாசலில் நின்ற போலீஸ்காரன் வந்து படிக்க, பெலார்மினோ காதால் கேட்டு மொழிபெயர்த்தார். தற்காப்புப் பிரிவு. ஆய்வாளர்தான் முதலில் கையை ஓங்கினாராம். சாவ்-யிங் விடுதலை. நீதிபதி பெலார்மினோவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அலுவலகத் தலைவர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். கைமாறின பிறகு துபாஷின்னா எழுதப் படிக்கத் தெரியணும். பரீட்சை உண்டு. தேறலைன்னா வேலை இல்ல. படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி."

வீட்டில் மனைவி டியோலிந்தா கேட்டாள்: "எத்தன எழுத்து படிக்கணுமாம்?"

"மூவாயிரமாவது வேணுமாம்."

"அம்பத்தி மூணு வயசுல! சரி, லிஸ்பன்ல நமக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. பெயர்ப்பலகை படிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பென்சில் குறியை அழித்து, இரண்டாவது கட்டத்தில் பேனாவால் போட்டார்.

லிஸ்பனில் ஓர் அலுவலகத்தில் ஜன்னலோரம் மேசை கொடுத்தார்கள். அங்கே எல்லாருக்கும் எல்லாரும் பேசுவது புரிந்தது. அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.